யார் சிரித்தார்கள், யாரைப் பார்த்துச் சிரித்தார்கள்? – தொலைக்காட்சி நகைச்சுவையும் நமது பெண்களும்

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், ஒரே வகுப்பில் படித்த மூவர் சேர்ந்து தயாரித்து வழங்கிய உரை)



இவ்விழாவில் பேசுவதற்கு எங்களுக்குக் கொடுக்கப்பட்ட பொருள் தொலைக்காட்சி நகைச்சுவை. இதைக் கேள்விப்பட்ட எங்கள் பழைய ஆசிரியை ஒருவர், "ஏன் பிள்ளைகளே, நூறு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற விழாவில் பேச வேறு விஷயம் கிடைக்கவில்லையா?" என்று தொலைபேசியில் கேட்டார். எங்களுக்கும் முதலில் அதே தயக்கம்தான். எங்களில் ஒருத்தி பசறைப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவள். ஒருத்தி அப்புத்தளைப் பக்கம். மற்றவள் பதுளைக் கடைத்தெருவில் வளர்ந்தவள். மூவரும் இரண்டு இரவுகள் பேசிப் பார்த்தோம். எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று தொடங்கிய பேச்சு, எங்கள் அம்மாமார், அப்பாயிமார் வாழ்ந்த வாழ்க்கையில் போய் முடிந்தது. ஆகவே டீச்சர், இது வேறு விஷயம் அல்ல, நமது விஷயம்தான்.

முதலில் தொலைக்காட்சிக்கு முந்திய காலத்திலிருந்து தொடங்குகிறோம். எங்கள் சிறுவயதில் லயத்தில் சிரிப்பு என்றால் வானொலிதான். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் 'கோமாளிகளின் கும்மாளம்' உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். எஸ். ராமதாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், செல்வசேகரன் உபாலியாகவும், அப்துல் ஹமீத் ஐயராகவும் பேசுவார்கள். நாலு பேருக்கும் நாலு விதமான தமிழ். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. இந்த நாட்டில் தமிழை எத்தனை விதமாகப் பேசுகிறார்கள் என்பதை எங்களுக்குச் சொல்லித் தந்த நிகழ்ச்சி அது. இன்று திரும்பிப் பார்க்கும்போது ஒன்று தெரிகிறது. அந்த நாலு பேரும் ஆண்கள். கதையில் பெண்கள் வந்து போவார்கள், ஆனால் கும்மாளம் அடிப்பது நாலு ஆண்கள்தான். அன்று எங்களுக்கு அது வித்தியாசமாகவே படவில்லை.

எப்படிப் படும்? தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். ரதி வேடம் கட்டுவது ஓர் ஆண். சேலை கட்டி, சாந்துப் பொட்டு வைத்து, மதனோடு ஆடுவார். அழுவதும் அவரே, இடையில் ஊரைச் சிரிக்க வைப்பதும் ஆண்களே. பெண்கள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விடிய விடியப் பார்ப்பார்கள். பெண்ணின் துக்கத்தையும் பெண்ணின் பேச்சையும் ஓர் ஆண் நடித்துக் காட்ட, உண்மையான பெண் பார்வையாளராக இருந்தாள். அந்தக் கூத்தைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அது நமது சொத்து. ஆனால் மேடை யார் கையில் இருந்தது என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

இந்த வழக்கம் தலைகீழாக மாறிய ஓர் இடத்தை நாங்கள் பன்னிரண்டு வயதில் கண்டோம். அது இதே மண்டபம். வாணி விழா வந்தால் வகுப்புக்கு ஒரு நகைச்சுவை நாடகம் போடுவோமே, நினைவிருக்கிறதா? மகளிர் பாடசாலையில் ஆண் வேடத்துக்கு யார் வருவார்? நாங்கள்தான் போட்டோம். கண்மையால் மீசை வரைந்து, அண்ணன்மாரின் காற்சட்டையை இடுப்பில் கயிறு கட்டி நிறுத்தி, கங்காணியாகவும் துரையாகவும் தரகராகவும் குடித்துவிட்டு வரும் புருஷனாகவும் நடித்தோம். பிரட்டுக்களத்தில் கங்காணி போடும் சத்தத்தை எங்களில் ஒருத்தி அப்படியே போட்டுக் காட்டியபோது, பார்க்க வந்திருந்த தோட்டத்து அம்மாமார் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். அன்றைக்குச் சிரிப்பு எங்கள் கையில் இருந்தது. தொலைக்காட்சியில் அதைக் காண நாங்கள் முப்பது வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி தொலைக்காட்சிக்கு வருவோம். சுயாதீன தொலைக்காட்சி 1979 ஏப்ரலிலும் ரூபவாஹினி 1982 பெப்ரவரியிலும் தொடங்கின. தோட்டங்களுக்கு அது வந்து சேரச் சில வருடங்கள் ஆகின. லயங்களில் மின்சாரம் இல்லை. கார் பேட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி ஒன்று கணக்கப்பிள்ளை வீட்டிலோ, கடை முதலாளி வீட்டிலோ இருக்கும். பேட்டரி இறங்கிவிட்டால் அதைத் தலையில் சுமந்து பஸ் ஏற்றி டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் பண்ணி வர வேண்டும். இஸ்தோப்பில் பாய் விரித்து லயமே உட்காரும். முன்னால் பிள்ளைகள், அதற்குப் பின்னால் ஆண்கள். பெண்கள் கடைசியில் நின்று பார்ப்பார்கள், அடுப்பில் ரொட்டி கருகிவிடும் என்று பாதியில் ஓடுவார்கள். நகைச்சுவையின் முடிவைப் பார்க்காமலேயே சிரித்த பெண்கள் அவர்கள்.

1987இல் சுயாதீன தொலைக்காட்சியில் 'கோப்பி கடே' என்ற சிங்கள நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. கிராமத்துக் கோப்பிக் கடை ஒன்றைச் சுற்றி நடக்கும் கதை. எங்கள் தோட்டங்களிலும் அதை விரும்பிப் பார்த்தார்கள். சிங்களம் முழுவதும் விளங்காவிட்டாலும் சிரிப்பு விளங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் அப்பாயி ஒருநாள், "நாம பறிக்கிற கொழுந்துலதான் ஊரெல்லாம் தேத்தண்ணி குடிக்குது, நாம ஒருநாளாவது கடையில குந்திக் குடிச்சிருக்கோமா?" என்று கேட்டார். உண்மைதான். எங்கள் சிறுவயதில் பதுளையிலோ பசறையிலோ கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி தேத்தண்ணிக் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியதை நாங்கள் கண்டதில்லை. அவளுக்கு அந்த நகைச்சுவையில் இடம் இல்லாததற்குக் காரணம், அந்தக் கடையிலேயே அவளுக்கு இடம் இல்லாததுதான். நகைச்சுவை என்பது ஊரில் உள்ளதைத்தான் காட்டுகிறது.

உலகின் மறுபக்கத்திலும் இதுதான் நிலை. அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொடரில், புருஷனுக்குத் தெரியாமல் மேடையேறத் துடிக்கும் ஒரு குடும்பப் பெண்ணாக லூசில் பால் நடித்தார். அவர் உண்மையிலேயே கர்ப்பமானபோது அதைக் கதையிலும் சேர்த்தார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லைத் தொடரில் உச்சரிக்க அனுமதி கிடைக்கவில்லை. 1970இல் வந்த 'மேரி டைலர் மூர்' தொடரில் முப்பது வயதான, திருமணம் ஆகாத ஒரு பெண் தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் வேலை பார்த்துத் தன் சம்பளத்தில் தனியே வாழ்ந்தாள். இருபது வருடத்துக்குள் வீட்டுக்குள்ளிருந்து அலுவலகத்துக்கு வந்துவிட்டாள். வேலைக்குப் போகும் பெண் அங்கே ஒரு புதுமை, அதனால் அவளைச் சுற்றி நகைச்சுவை பிறந்தது.

தமிழில் இந்தப் புதுமை சென்னை வழியாக வந்தது. 1993இல் சன் தொலைக்காட்சி தொடங்கியது. இங்கே 1998இல் சக்தி வந்தது. கூரைகளில் டிஷ் முளைத்தன. எங்களுக்கு அப்போது கல்யாணமாகிக் கையில் பிள்ளைகள். நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி' தொடரில் புருஷன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. பெயரில் ஏற்றத்தாழ்வு இல்லாததுபோலச் சண்டையிலும் இல்லை. அவன் ஒன்று சொன்னால் அவளும் ஒன்று சொல்வாள். மனைவி என்பவள் பதில் பேசக்கூடியவள், அந்தப் பதிலில் புத்தியும் இருக்கும் என்று கூடத்தில் உட்கார்ந்து குடும்பமே பார்த்தது. ஸ்ரீப்ரியா, நிரோஷா ஆகியோர் நடித்து வந்த 'சின்ன பாப்பா பெரிய பாப்பா' வேறு வகை. அதில் ஓயாமல் மல்லுக்கட்டுவது இரண்டு பெண்கள். எம்.எஸ். பாஸ்கரின் பட்டாபி போன்ற ஆண்கள் நடுவில் அகப்பட்டு முழிப்பார்கள். பெண்கள் நடுவில் நின்று சிரிக்க வைத்தது முன்னேற்றம்தான். ஆனால் அவர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள்? வீட்டில் யார் பெரியவள் என்பதற்காக. வீட்டை விட்டு வெளியே அவர்களுக்கு ஒரு போட்டி வைக்க அன்று யாருக்கும் தோன்றவில்லை.

பழைய மாணவிகளுக்குப் பிடித்த ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். கிரேஸி மோகனின் நாடகங்களில் கதாநாயகிக்கு எப்போதும் ஜானகி என்றே பெயர் இருக்கும். சிறுவயதில் பள்ளியில் தம்மை மேடையேற்றிய ஆசிரியை ஜானகியின் நினைவாக அப்படி வைத்ததாக அவர் சொல்லியிருக்கிறார். ஆயிரக்கணக்கானோரைச் சிரிக்க வைத்த ஒருவருக்குப் பின்னால் ஒரு டீச்சர் இருந்திருக்கிறார். முன்வரிசையில் இருக்கும் எங்கள் ஜானகிகளுக்கு இந்தச் செய்தி சமர்ப்பணம்.

இங்கே ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறோம். வேலைக்குப் போகும் பெண் சென்னைத் தொடர்களுக்குப் புதுமை. நமக்கு அவள் புதுமையா? நமது அம்மாயி, அப்பாயி, அவர்களின் அம்மா எல்லோருமே செக்ரோலில் பெயர் இருந்தவர்கள். விடியுமுன் எழுந்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, படங்கைக் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறியவர்கள். பாட்டி வேலைக்குப் போகாத வீடு நமது லயங்களில் எங்கே இருந்தது? வேலைக்குப் போவதுதான் பெண் விடுதலை என்றால் நமது பாட்டிமார் என்றோ விடுதலை அடைந்திருக்க வேண்டும்.

அவர்களுக்கு இல்லாதது வேறு. 1984 வரை ஒரே தோட்டத்தில் வேலை செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி இல்லை. அந்த வருடம்தான் அது சமப்படுத்தப்பட்டது. அதன் பின்னும் சம்பள நாளில் மனைவியின் சம்பளத்தையும் புருஷனோ தகப்பனோ போய் வாங்கி வருவது பல தோட்டங்களில் வழக்கமாக இருந்தது. எங்களில் ஒருத்தியின் அம்மா முப்பது வருடம் கொழுந்து பறித்தவர். தம் சம்பளத்தைத் தம் கையால் முதன்முதலில் வாங்கியது புருஷன் செத்த மாதத்தில். தொலைக்காட்சியில் புருஷன் மனைவியின் கைப்பையைத் திறந்து காசு திருடி அகப்பட்டுக்கொள்ளும் காட்சி வரும்போதெல்லாம் அவர் மட்டும் சிரிக்க மாட்டார். "இவளுக்குக் கைப்பையாவது இருக்கு" என்பார். மற்றவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அது அந்தத் தொடரிலும் நல்ல நகைச்சுவை என்பது எங்களுக்கு இப்போதுதான் விளங்குகிறது.

அடுத்து நாங்கள் சொல்லப்போவது சிரிப்பு அல்ல. சொல்லலாமா வேண்டாமா என்று மூவரும் யோசித்துத்தான் முடிவெடுத்தோம்.

சினிமா நகைச்சுவைக் காட்சிகளைத் தொகுத்துத் தொலைக்காட்சியில் தினமும் போடத் தொடங்கிய காலம். கோவை சரளா வடிவேலுவைத் துரத்தித் துரத்தி அடிக்கும் காட்சிகள் எங்கள் லயங்களில் எல்லோருக்கும் மனப்பாடம். புருஷனை மனைவி பூரிக்கட்டையால் அடிப்பது எழுத்திலும் படத்திலும் நாடகத்திலும் பழகிப்போன பகிடி. ஒரு தீபாவளி லீவுக்கு எங்களில் ஒருத்தி பிள்ளைகளோடு தோட்டத்து வீட்டுக்குப் போயிருந்தாள். இரவு எல்லோரும் அப்படியொரு காட்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில் காம்பராவுக்கும் காம்பராவுக்கும் இடையில் ஒரு சுவர்தான். அந்தச் சுவருக்கு அப்பால் ஒரு பெண் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டது. பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று சொல்லிக்கொண்டு தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினோம். ஆம், கூட்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும். அன்று அங்கே இருந்தது ஒருத்தி. ஆனால் வேறு வேறு இரவுகளில் மற்ற இருவரும் இதையேதான் செய்திருக்கிறோம்.

மறுநாள் காலை பீலிக்கரையில் அந்தப் பெண் தண்ணீர் பிடிக்க வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. சிரித்த முகத்தோடு, "நேத்து ராவு ஒங்க வீட்டு டி.வி. நல்லா சத்தமா இருந்துச்சு தங்கச்சி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருடமாக அந்தச் சொல் காதில் நிற்கிறது.

திரையில் மனைவி அடிக்கிறாள், புருஷன் ஓடுகிறான். வீட்டில் நடப்பது நேர் எதிர். உலகம் தலைகீழாக இருப்பதால்தான் அது பகிடி ஆகிறது. ஆனால் அந்தப் பகிடியைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, அடி என்பதே சிரிக்கத்தக்க வீட்டு விஷயம் என்ற எண்ணமும் கூடவே பழகிவிடுகிறது. 2005இல் இந்நாட்டில் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது. பாதிக்கப்பட்டவர் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். சட்டம் வந்த செய்தி எங்கள் லயத்துக்கு வந்து சேரப் பல வருடம் ஆயிற்று. பூரிக்கட்டைப் பகிடி அன்று மாலையே வந்து சேர்ந்தது.

இதற்குப் பின் வந்த காலத்தில் மாற்றங்களும் வந்தன, பழையதும் புது வேடத்தில் திரும்பி வந்தது. 'லொள்ளு சபா', 'கலக்கப்போவது யாரு', 'அது இது எது' போன்ற விஜய் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் ஆண்கள் சேலை கட்டி, பெண் குரலில் பேசிச் சிரிக்க வைத்தார்கள். காமன் கூத்தின் ரதி கலையகத்துக்கு வந்துவிட்டாள் என்று நாங்களும் ரசித்தோம். ஆனால் ரதி வேடம் கட்டுபவர் அதற்கு முன் விரதம் இருப்பார். இங்கே பெண்ணின் நடையும் உடலும் கேலிக்குத்தான். குடும்பப் பிரச்சினைகளைப் பேசும் 'சொல்வதெல்லாம் உண்மை' நிகழ்ச்சியில் லட்சுமி ராமகிருஷ்ணன் சொன்ன ஒரு வாசகத்தை ராமர் வேடம் போட்டுச் சொல்ல, அது உலகத் தமிழர் வாயெல்லாம் பரவியது. அவர் அதற்கு வெளிப்படையாக ஆட்சேபம் தெரிவித்தார். ராமர் திறமைசாலி, நாங்களும் சிரித்தோம். ஆனால் பெண்கள் தங்கள் முறைப்பாட்டைச் சொல்ல வந்த ஓரிடத்தில், எஞ்சி நின்றது பகிடி மட்டும்தானே என்ற நெருடல் பிறகு வந்தது.

அதே 'கலக்கப்போவது யாரு' மேடைக்கு அறந்தாங்கி நிஷாவும் வந்தார். சேலை கட்டிய ஆண் அல்ல, உண்மையான பெண். ஒலிவாங்கியைக் கையில் பிடித்துத் தன் கதையைத் தானே சொன்னார். சிறு ஊர்ப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. தன் நிறத்தையும் உடம்பையும் தானே கேலி செய்தார். இதில் எங்களுக்குள் ஒரு கருத்து வேறுபாடு உண்டு. எங்களில் ஒருத்தி, "மற்றவன் சொல்லும் முன் தானே சொல்லி அவன் வாயை அடைக்கிறாள், அதுதான் கெட்டித்தனம்" என்கிறாள். இன்னொருத்தி, "கறுப்பு என்பதைப் பகிடியாக்கினால்தான் ஒரு பெண்ணுக்கு மேடை கிடைக்குமா?" என்கிறாள். இரண்டும் சரியாகவே படுகிறது. உங்கள் முடிவுக்கு விடுகிறோம்.

2019இல் தொடங்கிய 'குக்கு வித் கோமாளி'யை நமது பேரப்பிள்ளை வயதினரும் பார்க்கிறார்கள். அதில் சமைக்கத் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஆண், பெண் இரு பாலிலும் இருக்கிறார்கள். வெங்காயம் உரிக்கத் தெரியாத பெண்ணைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் அவளை யார் கட்டுவார் என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் காலத்தில் முதலில் கேட்டிருப்பது அதைத்தான்.

ஆண் சமைப்பதைப் பற்றிச் சொல்லும்போது நமது தோட்டங்களையும் பார்க்க வேண்டும். எத்தனை அம்மாமார் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறார்கள்! எத்தனை தங்கைமார் ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போயிருக்கிறார்கள்! வீட்டில் தகப்பன் சோறு வடித்து, மகளுக்கு இரட்டைப் பின்னல் போட்டுப் பாடசாலைக்கு அனுப்புகிறார். கோணல் பின்னலோடு வந்த அப்படியான பிள்ளைகளை, நம்மில் ஆசிரியையாக இருப்பவர்கள் வகுப்பில் கண்டிருப்பீர்கள். அவரை ஊர் எப்படிப் பார்க்கிறது? "பொண்டாட்டி காசுல குந்தித் தின்கிறவன்" என்று கேலி செய்கிறது. குடித்துப் பணத்தை அழிப்பவர்களுக்கு அந்தக் கேலி தகும். ஆனால் பொறுப்பாகப் பிள்ளை வளர்ப்பவருக்கும் அதே கேலிதான். அந்தக் கேலிக்குப் பயந்தே சிலர் அடுப்படியை மகளிடம் விட்டு, அவள் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். ஒரு பகிடி ஒரு பிள்ளையின் சாதாரண தரப் பரீட்சையைத் தடுக்கக் கூடும். இந்தத் தகப்பனை மதிப்போடு சிரிக்க வைக்கும் ஒரு நகைச்சுவைத் தொடரை யாராவது எழுதினால் அது பெரிய உபகாரமாக இருக்கும்.

யார் எழுதுவார்? சென்னையில் எழுத மாட்டார்கள், அவர்களுக்கு இது தெரியாது. இலங்கைத் தமிழ் நகைச்சுவையிலும் நமது பெண்ணைத் தேடிப் பார்த்தோம். பெரும்பாலும் அவள் ஒரு பேச்சு வழக்காகத்தான் வருகிறாள். அவள் வாயைத் திறந்தவுடனே சபை சிரிக்க வேண்டும், அவள் என்ன சொன்னாள் என்பது முக்கியமில்லை. இந்த வலி நமக்குப் புதிதல்ல. வெளியூரில் நடந்த ஒரு பேச்சுப் போட்டியில் எங்களில் ஒருத்தி பேசத் தொடங்கியதும் பின்வரிசையில் சிரிப்புக் கேட்டது. பகிடி ஒன்றும் அவள் சொல்லவில்லை. 'வந்துக்கிட்டு' என்று சொல்லிவிட்டாள், அவ்வளவுதான். திரும்பி வந்து அழுதவளிடம் நமது டீச்சர் ஒருவர் சொன்னார்: "நீ சொன்னதைக் கேட்டுச் சிரித்தால் சந்தோஷப்படு. நீ யார் என்று பார்த்துச் சிரித்தால் அவர்களுக்காக வருத்தப்படு." இந்த உரையின் தலைப்பு அந்த வார்த்தையிலிருந்து பிறந்ததுதான்.

2024 நவம்பர் பொதுத் தேர்தலில் நமது பதுளை மாவட்டத்திலிருந்து அம்பிகா சாமுவேலும் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பாராளுமன்றம் சென்றார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பொதுத் தேர்தலில் வென்று அங்கே போனது அதுவே முதல் தடவை. எந்தக் கட்சி என்பது இங்கே பேச்சல்ல. பெயர்ப் பதிவேட்டில் ஒரு கைநாட்டாக இருந்தவர்களின் பேத்திமார் சட்டம் இயற்றும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நமது மாணவிகள் மருத்துவர்களாக, தாதியராக, சட்டத்தரணிகளாக, கிராம உத்தியோகத்தர்களாக இருக்கிறார்கள். தொலைக்காட்சி நகைச்சுவை இவர்களை இன்னும் சந்திக்கவில்லை. கண்ணாடி பின்தங்கிவிட்டது, முகம் முன்னால் போய்விட்டது.

ஆனால் இளைய தலைமுறை கண்ணாடிக்காகக் காத்திருக்கவில்லை. கைத்தொலைபேசியை ஒரு தேயிலைச் செடியில் சாய்த்து வைத்துவிட்டு, நமது பெண்பிள்ளைகள் தாங்களே நடித்துப் பதிவேற்றுகிறார்கள். மாமியாராகவும் கங்காணியாகவும் பஸ் கண்டக்டராகவும் ஒருத்தியே நடிக்கிறாள். ஆண் வேடத்துக்குக் கண்மையால்தான் மீசை. பார்த்ததும் எங்களுக்கு இந்த மண்டபமும் வாணி விழாவும் நினைவுக்கு வந்தன. அவர்கள் பேசுவது தோட்டத்துத் தமிழ், வெட்கமில்லாமல், திருத்தாமல். அடியில் வரும் கேவலமான பின்னூட்டங்களையும் பார்த்தோம். அந்தப் பிள்ளைகளுக்குத் துணை தேவை.

இதனால் பழைய மாணவிகள் சங்கத்தின் முன் இரண்டு சிறிய வேண்டுகோள்களை வைக்கிறோம். இவ்வுரை நூற்றாண்டு மலரில் வரும் என்கிறார்கள். ஆகவே இங்கே வர முடியாமல் டொரொண்டோவிலோ திருச்சியிலோ டுபாயிலோ இருந்து படிக்கும் சகோதரிகளுக்கும் இது பொருந்தும்.

முதலாவது, உங்கள் அம்மாவோ அப்பாயியோ சொல்லிச் சிரிக்க வைத்த ஒரு கதையை ஒரு கொப்பித் தாளில் எழுதிப் பாடசாலை நூலகத்துக்கு அனுப்புங்கள். நிரையில் நின்று கொழுந்து பறிக்கும்போது அவர்கள் சொன்ன கதைகள், கங்காணியின் காதில் விழாமல் அவருக்கு வைத்த பட்டப்பெயர்கள், மடுவத்தில் தராசைப் பற்றிப் பேசிய பகிடிகள் எல்லாம் நமது இலக்கியம். அவர்கள் பேசிய பேச்சிலேயே எழுதுங்கள், திருத்த வேண்டாம். அவர்களைச் சிரிப்பதற்கு மட்டும் தெரிந்தவர்கள் என்று யாரும் நினைக்காதபடிக்கு, சிரிக்க வைக்கத் தெரிந்தவர்கள் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும்.

இரண்டாவது, பரீட்சைப் பளுவால் வாணி விழாவில் நகைச்சுவை நாடகம் இப்போது குறைந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறோம். அதிபர் அவர்கள் மனம் வைத்து, வருடத்துக்கு ஒரு முறையாவது மாணவிகள் தாங்களே எழுதி நடிக்கும் நாடகத்துக்கு இடம் தர வேண்டும். பரிசை எங்கள் வகுப்பு பொறுப்பேற்கும். நிபந்தனை ஒன்றே ஒன்று: அடி வாங்குபவரைப் பார்த்துச் சிரிக்க வைக்கும் நாடகத்துக்குப் பரிசு இல்லை.

அந்தப் பீலிக்கரை அக்கா இன்று உயிரோடு இருக்கிறார். மகள் உயர்தரம் வரை படித்து, இப்போது வேறொரு மாவட்டத்தில் ஆசிரியையாக இருக்கிறாள். சென்ற மாதம் அவரைப் பார்க்கப் போனோம். மகள் வாங்கிக் கொடுத்த பெரிய தொலைக்காட்சி சுவரில் இருந்தது. நாங்கள் போனதும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "ஒக்காருங்க தங்கச்சி, பேசுவோம்" என்றார்.

அன்றைக்கு நாங்கள் செய்திருக்க வேண்டியதும் அதுதான்.